பணம் அனுப்ப முடியாதவனும் மனிதன்தான்

மத்திய அரசின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் ஒரு கணக்கு வெளியிடுகிறது. விபத்தில் மாண்டவர் எத்தனை பேர், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர் எத்தனை பேர் என்ற கணக்கு. 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். லட்சம் பேருக்கு 12.4 என்பது நாட்டின் சராசரி. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் அது 42.8. அந்த ஆண்டு சிக்கிம் 43.1 என்று சற்றே முந்திக்கொண்டது. அதற்கு முன் 2019, 2020, 2021 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முதலிடம் அந்தமானுக்குத்தான்.

பரிசு வாங்கும் முதலிடமா இது?

நாலு லட்சம் பேர் வாழும் சின்ன இடம், பத்துப் பேர் கூடினாலும் விகிதம் துள்ளும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். வாஸ்தவம்தான். ஆனால் ஒரு வருஷம் துள்ளினால் தற்செயல் எனலாம். வருஷா வருஷம் முன்வரிசையிலேயே நின்றால்?

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அந்தமானைப் பற்றிக் கவலைப்படுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி அந்தத் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். வங்காளிகளுக்கும் இந்திக்காரர்களுக்கும் அடுத்தபடி நாம்தான். பிழைக்கப் போன தமிழன் பீன்யாவில் இருந்தாலும் சரி, போர்ட் பிளேரில் இருந்தாலும் சரி, ராத்திரியில் அவனை அரிக்கிற கவலை ஒன்றேதான். 2022-இல் மாண்ட அத்தனை பேரிலும் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள் என்று அதே புத்தகம் சொல்கிறது. அது நம் வர்க்கம். ஆகவே இது நம் விஷயம்.

நான் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிற குமாஸ்தா. பொங்கலும் தீபாவளியும் நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே நிற்கும் கூட்டத்தைப் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்து வருகிறேன். ஊருக்குப் போகிறவன் கையில் புதுத் துணிப் பை இருக்கும். அவனை வழியனுப்ப ஒருவன் கூட வந்திருப்பான். அவன் கையில் பை இராது. "நீங்க போகலையா?" என்று கேட்டால், "அடுத்த பொங்கலுக்குப் பார்க்கலாம் சார்" என்பான். அடுத்த பொங்கலுக்கும் அவனே வழியனுப்ப வருவான். சில முகங்களை மூன்று பொங்கல், நாலு பொங்கல் என்று எண்ணியிருக்கிறேன். பிறகு அந்த முகம் வராது. ஊருக்குப் போய்விட்டான் என்று நினைத்துக்கொள்வேன். எங்கே போனானோ?

ஊரைவிட்டு வந்தவன் தன்னை எடைபோடுகிற தராசு ஒன்றே ஒன்று: மாதாமாதம் எவ்வளவு அனுப்பினான்? அனுப்புகிற வரையில் அவன் அப்பன், புருஷன், அண்ணன், மாமன். அனுப்புவது நின்றுவிட்டால் தான் யாருமில்லை என்று அவனே முடிவு கட்டிவிடுகிறான். ஊரில் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவனாகவே சொல்லிக்கொள்கிறான். முதலில் போன் செய்வதைக் குறைப்பான். பிறகு நம்பரை மாற்றுவான். பிறகு குடி. அதற்குப் பிறகு நடப்பதுதான் காப்பகத்தின் புத்தகத்தில் ஓர் எண்ணாகச் சேர்கிறது.

கடந்த ஜனவரியில் அந்தமானுக்குப் போய்வந்தேன். ரயில் இல்லாத ஊருக்கு ரயில்வேக்காரன் போவது வேடிக்கைதான். என் தங்கை கணவருக்கு அங்கே வேலை. போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து தென்மேற்கே முப்பது கிலோ மீட்டருக்குள் இருக்கிறது வண்டூர் கிராமம். வழியில் சிப்பிகாட். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தப் பகுதி நிலமே ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்து போனதால், நெல் விளைந்த வயலில் உப்புத் தண்ணீர் நிற்கிறது. வண்டூர்க் கடற்கரையில் அன்று சாய்ந்த பெருமரங்கள் வெளுத்துக் கிடக்கின்றன. வெளியூர்க்காரர்கள் அவற்றின்மேல் உட்கார்ந்து படம் பிடித்துக்கொள்கிறார்கள். படகுத் துறையிலிருந்து ஜாலிபாய், ரெட்ஸ்கின் தீவுகளுக்குப் படகு போகும். 1983-இல் பதினைந்து தீவுகளைச் சேர்த்து அமைத்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்கு வாசல் இந்த வண்டூர்தான். மழைக்காலத்தில் ஜாலிபாயை மூடிவிடுவார்கள். அப்போது டூரிஸ்டும் குறைவு, வேலையும் குறைவு.

அங்கே ஒரு தமிழ் வாத்தியாரைச் சந்தித்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தம் பெயரைப் போட வேண்டாம் என்றார். சுனாமிக்குப் பிறகு நிவாரண முகாம்களில், வந்திருந்த டாக்டர்களிடம் சில நாள் பயிற்சி பெற்றுத் தொண்டராக இருந்தவர். முகாம்கள் கலைந்த பிறகும் அந்தத் தொண்டை அவர் விடவில்லை. மாலையில் வீட்டுத் திண்ணையில் இரண்டு நாற்காலி. யாராவது வருவார்கள், பேசுவார்கள், போவார்கள்.

"நீங்கள் ஆலோசனை சொல்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"ஆலோசனை சொல்ல ஊர் முழுக்க ஆள் இருக்கே தம்பி, அதுக்கு நான் எதுக்கு?" என்றார்.

நம் பக்கத்தில் கவுன்சலிங் என்றால் இன்ஜினீயரிங் காலேஜில் இடம் பிடிக்கப் போவது என்றே பாதிப் பேர் நினைக்கிறோம். மீதிப் பேர், பெரிய மனுஷர் ஒருவர் எதிரில் உட்கார வைத்துப் புத்தி சொல்வது என்று நினைக்கிறோம். இலங்கைத் தமிழர்கள் இதற்கு உளவளத்துணை என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். போரில் அடிபட்ட யாழ்ப்பாணத்தில் 1987-இல் தொடங்கிய சாந்திகம் என்ற அமைப்பு இந்த வேலையைத்தான் செய்துவந்தது. ஆலோசனை என்ற சொல்லைவிட இது மேல் என்பது என் அபிப்பிராயம். ஆலோசனை சொல்பவர் முன்னே நடக்கிறார். துணை வருபவர் பக்கத்தில் நடக்கிறார்.

வாத்தியார் சொன்ன ஒரு கதையை இங்கே எழுத அவரும் சம்பந்தப்பட்டவரும் சம்மதித்தார்கள். இராமநாதபுரம் பக்கத்துக் கொத்தனார் ஒருவர். நாற்பது வயதுக்குள். கட்டட வேலைக்குத் தீவுக்கு வந்தவர். ஒரு மேஸ்திரி இரண்டு மாதக் கூலியை நிறுத்திக்கொண்டார். அதற்குள் ஊரில் வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிவிட்டது. வீட்டுக்குப் பணம் போகவில்லை. போனும் போகவில்லை. இப்படியே ஒன்றரை வருஷம். கொட்டகையில் கூடப் படுத்திருந்தவர்கள் நல்லவர்கள். அவர்கள் பயந்துபோய் ஆளுக்கு ஆள் தேறுதல் சொன்னார்கள். "புள்ளைங்க முகத்தை நினைச்சுப் பாருண்ணே" என்றார்கள்.

இதைச் சொல்லும்போது வாத்தியார் சற்று நிறுத்தினார். "அந்த மனுஷனைக் கொன்னுக்கிட்டு இருந்ததே அந்த முகம்தான் தம்பி. அதையே நினைக்கச் சொன்னா?" என்றார்.

யோசித்துப் பாருங்கள். நாம் எத்தனை பேருக்கு இந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்போம்! குடும்பத்தைக் கடனாகப் பார்த்துக்கொண்டிருப்பவனிடம் குடும்பத்தை ஞாபகப்படுத்துவது, கடன்காரனை வாசலுக்கு அழைத்து வருவதற்குச் சமம். "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவன் எத்தனை பேர்" என்பது இன்னொன்று. அவனே தாங்கும்போது நீ தாங்க முடியவில்லையே, நீ அவ்வளவு அற்பமா என்று அதற்கு அர்த்தம். "தைரியமாயிரு" என்பதும் அப்படியே. தைரியம் இல்லாததுதானே அவன் குறை? நல்லெண்ணத்தோடு சொல்கிற இந்த மூன்றும் ஏற்கெனவே குனிந்த தலையில் மேலும் ஒரு செங்கல்லை ஏற்றுகின்றன.

வாத்தியார் செய்தது வேறு. முதல் மூன்று மாலை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். 'ஏன்' என்ற கேள்வியை அவர் போடுவதில்லை. ஏன் குடித்தாய், ஏன் போன் செய்யவில்லை என்று கேட்டால் போலீஸ் விசாரணை ஆகிவிடுகிறது; ஆள் பதில் சொல்லத் தொடங்கிவிடுவான், மனம் திறக்க மாட்டான். "எந்த நேரத்துல ரொம்பப் பாரமா இருக்கு?" என்று கேட்பார். நாலாம் நாள் நேராகவே கேட்டார்: "செத்துடணும்னு தோணுதா தம்பி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகாதா? ஆகாது என்கிறார் அவர். உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்கிறது. கேட்டால் எண்ணம் பிறப்பதில்லை. தனியாகச் சுமந்துகொண்டிருந்தவனுக்கு மூச்சு வருகிறது. கொத்தனார் ஆமாம் என்று சொல்லி அழுதாராம். ஒன்றரை வருஷத்தில் முதல் அழுகை. அன்று முதல் ஒரு மாதம் அவரைத் தனியே படுக்க விடவில்லை. சக ஆட்கள் முறை வைத்துக் காத்தார்கள். குடி விஷயத்துக்கும் தூக்கமின்மைக்கும் ஜி.பி.பந்த் ஆஸ்பத்திரி டாக்டரிடம் வாத்தியாரே கூட்டிப் போனார். திண்ணைப் பேச்சால் தீராத நோய்கள் உண்டு, அவற்றை டாக்டரிடம் அனுப்பத் தெரிந்தவன்தான் நல்ல துணையாள் என்பதில் அவர் கண்டிப்பானவர்.

இனிமேல்தான் முக்கியமான பாகம். ஆள் உயிரோடு இருக்கிறான். ஆனால் தன்னை மதிக்கவில்லை. அந்த மதிப்பைத் திருப்பிக் கொடுப்பது எப்படி? புகழ்ந்து பேசினால் வராது. தாழ்வுற்ற மனம் புகழ்ச்சியை நம்பாது, கேலி என்றே எடுத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்துச் சுவரில் ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்திருந்தது. "இது எவ்வளவு கோணல்னு பார்த்துச் சொல்லுங்க, எனக்குத் தெரியாது" என்று கூட்டிப் போனார். கொத்தனார் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்து, நூலளவு சாய்மானத்தைச் சொன்னார். மறுநாள் தாமே வந்து பூசினார். அங்கே நின்ற ஒரு பையனுக்கு ரசமட்டம் பார்க்கக் கற்றுக் கொடுத்தார். கூலி ஒன்றும் இல்லை. ஆனால் பணத்தைத் தவிர வேறொரு தராசிலும் தன்னை நிறுத்துப் பார்க்கலாம் என்று அந்தக் கைக்கு ஞாபகம் வந்தது.

பிறகு அவராகவே வீட்டுக்குப் போன் செய்தார். வாத்தியார் செய்யச் சொல்லவில்லை. "பேசினால் என்ன சொல்லுவாங்கன்னு நினைக்கிறீங்க?" என்று மட்டும் இரண்டு மூன்று நாள் கேட்டு வைத்திருந்தார். மனைவி அரை மணி நேரம் விடாமல் திட்டினாளாம். "பணம் இல்லேன்னா வாயுமா இல்லாமப் போச்சு?" என்றாளாம். சினிமாவில் என்றால் இந்த இடத்தில் வீணை வாசித்திருப்பார்கள். நிஜத்தில் வசைதான் கிடைத்தது. அந்த வசையை அவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நின்றுபோன கூலியைக் கேட்க அவர் போனது அதற்குப் பிறகுதான். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இப்படி ஒரு கட்டுரையைப் பார்த்தவுடன், பசித்தவனுக்குச் சோறு போடாமல் பேச்சுப் பேசி அனுப்புகிறார்கள் என்று தொழிற்சங்க நண்பர்கள் கோபிப்பார்கள். அந்தக் கோபம் நியாயம். கூலி பாக்கியைச் சகித்துக்கொள்ளப் பழக்குகிற ஆலோசகர் யாராவது இருந்தால் அவர் கான்ட்ராக்டரின் ஆள். அவரை விரட்ட வேண்டும். ஆனால் தன்னை அற்பன் என்று நினைக்கிறவன் கூலி கேட்கப் போவதே இல்லை. எனக்கு வர வேண்டியது என்று வாய் திறக்க, 'எனக்கு' என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டும். கொத்தனார் இரண்டு பேரைத் துணைக்கு அழைத்துப் போய்க் கேட்டார். முழுத் தொகை வரவில்லை. பாதிக்கு மேல் வந்தது.

சுயமரியாதை என்ற சொல் தமிழனுக்குப் புதிதல்ல. அந்தப் பெயரில் 1925 முதல் ஓர் இயக்கமே நடந்தது. இன்னொருவன் முன்னால் குனியாதே என்று அது சொன்னது. தனக்குத் தானே முன்னால் குனிந்து கிடக்கிறவனைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை. அந்தமானில் ஒரு காலத்தில் கைதிகளின் கழுத்தில் எண் பொறித்த மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். இன்று யாரும் மாட்டுவதில்லை. பாக்கித் தொகையை எண்ணாக எழுதி அவனவனே மாட்டிக்கொள்கிறான்.

வாத்தியாருக்குப் பயிற்சி கொடுத்த அந்த டாக்டர்கள் யார் தெரியுமா? நம் ஓசூர் ரோட்டில் இருக்கிற நிம்ஹான்ஸிலிருந்து போனவர்கள். பெங்களூர்க்காரர்களாகிய நாம், யாராவது கொஞ்சம் ஏறுமாறாகப் பேசினால் "நிம்ஹான்ஸில் சேர்க்கணும்" என்று கேலி செய்கிறோம். 1974-இல் பழைய மனநோய் ஆஸ்பத்திரியையும் ஆராய்ச்சி நிலையத்தையும் இணைத்து உண்டாக்கிய அந்த நிறுவனத்தின் டாக்டர்கள், சுனாமி அடித்த கையோடு தீவுகளுக்குப் போய் முகாம் முகாமாக வேலை செய்தார்கள். ஒடிசாப் புயலிலும் குஜராத் பூகம்பத்திலும் கற்ற பாடம் அவர்களிடம் இருந்தது. வீடு இழந்து முகாமுக்கு வந்தவர்களில் 5.2 சதவீதத்தினருக்கும், வீடு இழக்காதவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் மனநோய் கண்டதாக அவர்கள் பிறகு எழுதினார்கள்.

இந்த எண்ணை நான் இரண்டு முறை படித்தேன். கடல் வந்து அத்தனையையும் வாரிக்கொண்டு போன பிறகும், நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேருக்கு மேல் நோய் என்று சொல்லும் நிலைக்குப் போகவில்லை. கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் இருந்த நம் தமிழர்களை நினைத்துக்கொள்ளுங்கள். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து பெயர்த்து எடுத்துக் கொண்டுவந்து அங்கே நட்டார்கள். சுனாமியில் மிக அதிகமாகச் சேதப்பட்ட தீவுகளில் ஒன்று கச்சால். ஒரே ஆயுளில் இரண்டு முறை வேர் அறுந்தவர்கள்! அப்பேர்ப்பட்டவர்களையும் சுற்றமும், கூட்டுச் சமையலும், அழுவதற்கு ஒரு பக்கத்து ஆளும் தாங்கின. கொட்டகையில் தனியாகக் கிடக்கிற கூலிக்காரனுக்கு இந்த மூன்றும் இல்லை. கடல் அவனைத் தொடக்கூட இல்லை, ஆனாலும் மூழ்குகிறான்.

நிம்ஹான்ஸ்காரர்கள் தொண்டர்களுக்குக் கற்பித்தவை ஏழு. மனத்தில் உள்ளதைக் கொட்ட விடுவது, அவர் இடத்தில் நின்று பார்ப்பது, காது கொடுத்துக் கேட்பது, சுற்றத்தைச் சேர்ப்பது, கையை ஒரு வேலையில் ஈடுபடுத்துவது, ஓய்வும் விளையாட்டும், அவரவர் தெய்வ நம்பிக்கை. எம்.பி.பி.எஸ். படிப்பு கேட்கிற காரியம் இதில் ஒன்றாவது உண்டா? ஆனால் எளிது என்று நினைத்துவிடக் கூடாது. ஒருவர் பேசும்போது பத்து நிமிஷம் குறுக்கே பேசாமல் இருந்து பாருங்கள், தெரியும். 1940-களில் அமெரிக்காவில் கார்ல் ரோஜர்ஸ் என்ற மனோதத்துவ அறிஞர், வந்தவரை நோயாளி என்று அழைப்பதையே விட்டார். நிபந்தனை போடாமல் ஒருவரை ஏற்றுக்கொண்டால் திருந்தும் சக்தி அவருக்குள்ளிருந்தே வரும் என்றார். நிபந்தனை போடாமல்! பரீட்சையில் மார்க் வாங்கினால்தான் பிள்ளை, பணம் அனுப்பினால்தான் புருஷன் என்று பழகிய நமக்கு அது சுலபமா?

டாக்டர் அல்லாதவர்கள் செய்தால் பலிக்குமா என்ற சந்தேகம் நியாயமானதே. கோவாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1996-இல் தொடங்கிய சங்காத் என்ற அமைப்பில், டாக்டர் விக்ரம் படேல் குழுவினர், உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தார்கள். அவர்களுக்குக் கேட்ட படிப்பு பத்தாம் வகுப்பு. என்னைப் போன்ற மெட்ரிகுலேட்டுகள்! கடும் மனச்சோர்வில் இருந்த ஏறக்குறைய ஐந்நூறு பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், மற்றப் பிரிவுக்கு அதோடு ஆறு முதல் எட்டுத் தடவை இந்தப் பேச்சும் கொடுத்தார்கள். முன்பு பிடித்திருந்த சின்னச் சின்ன வேலைகளை மீண்டும் தொடங்க வைப்பதுதான் அதன் சாரம்; வாத்தியாரின் தூக்குக் குண்டு ஞாபகம் வருகிறதல்லவா? மூன்று மாதத்தில், பேச்சுப் பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். மற்றவர்களில் 39 சதவீதம். 2017-இல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் இது வெளியாயிற்று.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டு டாக்டர் டிக்சன் சிபாண்டா பாட்டிமார்களையே பிடித்தார். அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஒரு பெண், நகரத்து ஆஸ்பத்திரிக்கு வர பஸ் சார்ஜ் இல்லாமல் வராமலே இருந்து உயிரை விட்டாள். அந்த வேதனையில் அவர், ஆஸ்பத்திரியை ஜனங்களின் பக்கத்துக்குக் கொண்டுபோக வழி தேடினார். சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்சு. அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி. மனச்சோர்வு என்ற டாக்டர் வார்த்தையை அவர்கள் பேசுவதில்லை. 'அதிகமாக யோசிக்கிற வியாதி' என்று பொருள்படும் தங்கள் ஊர்ச் சொல்லையே சொல்கிறார்கள். நம் கிராமத்துக் கிழவிகளும் "மனசைப் போட்டு அரிச்சுக்காதே" என்றுதானே சொல்வார்கள்!

பாஷை விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தீவில் தமிழன் கடையில் இந்தி பேசுவான், மேஸ்திரியிடம் வங்காளி பேசுவான். அதெல்லாம் சாமான் வாங்க, வேலை கேட்க. அழுவதற்குத் தமிழ்தான் வரும். "எனக்கு மனசு சரியில்லை" என்பதை இந்தியில் மொழிபெயர்த்துச் சொல்லிப் பாருங்கள், பாதி உதிர்ந்துவிடும். இங்கே கன்னட டாக்டரிடம் போகும் நம் மில் தொழிலாளிக்கும் அதே கதிதான்.

போலீஸ் பயமும் ஒன்று உண்டு. தற்கொலைக்கு முயன்றவன் மேல் கேஸ் போடுவார்கள் என்று பயந்து வீட்டார் மூடி மறைக்கிறார்கள். 2018-இல் அமலுக்கு வந்த 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும். அரசாங்கம் அவரைப் பராமரிக்கக் கடமைப்பட்டது. 2024 ஜூலை முதல், பழைய இந்தியத் தண்டனைச் சட்டமும் அதிலிருந்த 309-ஆம் பிரிவும் போய்விட்டன. இது எத்தனை கொட்டகைகளுக்குத் தெரியும்?

அந்தமான் நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்வது இதுதான். அங்குள்ள ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், தமிழ், வங்காளி, தெலுங்கு, இந்தி தெரிந்த உள்ளூர் மெட்ரிகுலேட் ஆணும் பெண்ணுமாகச் சிலரைப் பயிற்றுவித்துச் சம்பளம் கொடுத்து வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஒரு மனநல டாக்டர் அவர்களோடு உட்கார்ந்து கேஸ்களைப் பார்க்க வேண்டும். மேற்பார்வை இல்லாவிட்டால் இரண்டே வருஷத்தில் இவர்களும் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். வாத்தியாரைப் போன்றவர்கள் சும்மா செய்கிறார்களே என்று விட்டுவிடுவது நிர்வாகத்துக்கு அழகல்ல. அவருக்கும் வயதாகிறது. நம் ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. வருஷத்துக்கு நாலு பட்டிமன்றம் நடத்துகிறோம். அதில் ஒன்றைக் குறைத்து, அந்தச் செலவில் பத்துப் பேருக்கு இந்தப் பயிற்சியை நிம்ஹான்ஸிடம் கேட்டு வாங்கினால் என்ன? பஸ்ஸில் அரை மணி தூரம்தானே!

அதுவரைக்கும் கையில் இருப்பது ஒரு போன் நம்பர். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை: 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. இந்தத் தாளைக் கத்தரித்து உங்கள் அறைக் கதவில் ஒட்டி வையுங்கள்.

வண்டூர்க் கடற்கரையில் முதலை ஜாக்கிரதை என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் இந்த நம்பரைத் தமிழிலும் வங்காளியிலும் தெலுங்கிலும் எழுத வேண்டும் என்பது வாத்தியாரின் ஆசை. ஒரு டப்பா பெயிண்டும் அரை நாள் வேலையும் போதும். சுவர் கட்டிப் பூசிக் கொடுக்கக் கொத்தனார் தயாராக இருக்கிறார். அனுமதி கேட்டு எந்த இலாகாவுக்கு மனுப் போடுவது என்றுதான், போன வாரம் நான் போனில் பேசியபோதும் அவர்கள் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.